மூக்கை மூடிக்கொண்டு சமைக்கச் சொன்னார்கள்

எனக்குக் கண் தெரியாது. சமைக்கத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், கேட்கிற சனம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு "ஐயோ பாவம்" என்று தொடங்கும். அந்த "ஐயோ பாவம்" எனக்கு அழுகின இறாலை விட மோசமாக நாறும். இறாலையாவது கொண்டுபோய்ப் புதைக்கலாம்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டது. முதலில் ஓரங்கள் போயின. பிறகு நடுவும் போனது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். உள் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள குறுகலான ஒழுங்கையில் எங்கள் வீடு. கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணம் செய்து கொழும்பில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்த ஒழுங்கையில் கணவரின் அக்கா இருக்கிறார். எனக்கு மச்சாள்.

கண் தெரியாத பெண்கள் சிலர் போனில் என்னோடு கதைப்பார்கள். வீட்டில் அடுப்படிக்குப் போக விடுகிறார்கள் இல்லை என்பார்கள். "உங்களுக்குப் பயமில்லையோ அக்கா?" என்று கேட்பார்கள். பயம் இருக்கிறது. அருவருப்பு அதைவிடக் கூட. அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

புழுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியானம் முருங்கையிலை வறை செய்தேன். இலையை உருவி, அலசி, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்தேன். கணவர் சாப்பிட்டார். எப்படி என்று கேட்டேன். "நல்லாயிருக்கு" என்றார். பிறகு அவர் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைக் கழுவ எடுத்தபோது விளிம்பில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. மெத்தென்று, நீளமாக. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. விளிம்பைச் சுற்றி வரிசையாக ஒதுக்கி வைத்திருந்தார். எல்லாம் வெந்த புழு. அதே வறையைத்தான் நானும் சாப்பிட்டிருந்தேன், ஒன்றையும் ஒதுக்காமல்.

"இஞ்சேருங்கோ, கோப்பையில இது என்ன?"

"சின்னப் புழு தானே. உமக்கு மனசு நோகும் எண்டு சொல்லேல்ல."

"நான் திண்டிட்டன்."

"அதுவும் வெந்தது தானே" என்றார்.

கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தேன். புழுவுக்குப் பாதி, அந்த "நல்லாயிருக்கு" என்ற சொல்லுக்குப் பாதி. கண் தெரியாதவளுக்குக் கருணை காட்டுவதென்று நினைத்துக்கொண்டு புழுவைத் தின்ன விடுகிற மனிதர்கள்தான் எங்களைச் சுற்றி நிறைய. அதற்குப் பிறகு எந்த இலையானாலும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் ஊறவிடுகிறேன். புழு பிடிவிட்டு மேலே மிதக்கும். கையால் அளைந்தால் அகப்படும். அதைத் தொடுகிறபோது உடம்பு கூசத்தான் செய்யும். கூசட்டும். வாயில் அகப்படுவதை விடக் கையில் அகப்படுவது மேல்.

மீன் கழுவி எடுப்பதும் அப்படித்தான். குடலை இழுக்கும்போது கசப்புப்பை உடைந்து, ஒரு சட்டி பாரைக் குழம்பை அப்படியே கவிழ்த்திருக்கிறேன். இப்போது விரலால் அந்தப் பையைத் தனியாகத் தேடிப் பிடிக்கத் தெரியும். வழுவழுவென்று, சின்னத் திராட்சை மாதிரி இருக்கும். மோட்டார் சைக்கிளில் கிண்ணியாவிலிருந்து வரும் மீன்காரரிடம் நான் செவுளைத் திறந்து விரல் விட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. அவருக்கு அது பெரிய பகிடி.

"என்ன அக்கா, மீனுக்கு மருந்து எழுதப் போறீங்களா?"

"செத்து எத்தினை நாளெண்டு பாக்கிறன்."

"இண்டைக்கு விடியத்தான் மௌத்தானது. நான் பக்கத்திலதான் நிண்ட."

"அப்ப ஏன் இந்த நாத்தம் நாறுது?"

"அது நான் அக்கா. இன்னும் குளிக்கல்ல."

அவர் என்னைப் பாவம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏமாற்றப் பார்ப்பார், பிடிபட்டால் சிரிப்பார். கண்ணுள்ளவர்களையும் அப்படித்தான் ஏமாற்றுகிறார். அது எனக்குப் போதும்.

இனி, கால் சுட்ட கதை. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதம். எங்கள் குசினி யன்னல் மேற்குப் பக்கம். அந்தக் காற்று உள்ளே வந்தால் காஸ் அடுப்பு அணைந்து போகும். அதனால் ஒரு காது எப்போதும் அடுப்பில் இருக்க வேண்டும். எரிகிற அடுப்புக்கு ஒரு இரைச்சல் உண்டு. அணைந்தால் அது வெறும் சீறலாகும். அன்றைக்குச் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். பானையைச் சரித்த நேரம் காற்றில் யன்னல் கதவு படாரென்று அடித்தது. நான் திடுக்கிட்டேன். பிடித்திருந்த துணி நழுவியது. கொதிகஞ்சி வலது காலில் ஊற்றியது.

மச்சாள் ஓடிவந்து அந்தப் புண்ணில் பற்பசையைப் பூசினார். பச்சைக் கற்பூர வாசம் அடிக்கிற பற்பசை. ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். எடுக்க எடுக்கத் தோலும் சேர்ந்து வந்தது. "ஆர் அம்மா இதைப் பூசினது?" என்று கேட்டு ஏசினார். மச்சாள் பக்கத்தில் நின்றுகொண்டு, "அவவே பூசியிருப்பா, கண் தெரியாது தானே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். புண் சலம் வைத்து, சீழ் வடிந்து நாறியது. அந்த நாற்றத்தோடு நித்திரை, அந்த நாற்றத்தோடு சாப்பாடு.

அதை விட அருவருப்பான காரியத்தைக் கணவர் செய்தார். காஸ் சிலிண்டரின் தலையில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அது இல்லாமல் அடுப்பு எரியாது. காலையில் அவர் தேத்தண்ணி போட்டுக் குடுவையில் ஊற்றி வைத்துவிட்டு, டக்கென்று அதைக் கழற்றுவார். அந்தச் சத்தம் முன் விறாந்தையில் இருந்த எனக்குக் கேட்கும். குழந்தையின் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பறிப்பது மாதிரி. மத்தியானம் மச்சாள் வீட்டிலிருந்து அடுக்குச் சட்டியில் சாப்பாடு வரும். மச்சாளின் சமையல் நல்ல சமையல். நான் பொய் சொல்ல மாட்டேன். அவருடைய பாவற்காய்க் குழம்புக்கு இந்த ஒழுங்கையில் ஆள் இல்லை. ஆனால் இருந்த இடத்தில் வாயைத் திறந்துகொண்டிருக்கிற குருவிக் குஞ்சாக நான் ஆகியிருந்தேன்.

"காலும் ஆறீட்டுது, ரெகுலேட்டரைத் தாங்கோ" என்றால், "பாப்பம்" என்பார். அவர் சண்டைக்காரர் இல்லை. கடைசியாக யார் கதைத்தார்களோ அவர்கள் சொல்வது அவருக்குச் சரி. கடைசியாகக் கதைப்பது எப்போதும் மச்சாள்.

என் மூஞ்சியைப் பார்த்துவிட்டோ என்னவோ, ஒருநாள் கணவர் என்னை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். பார்வையற்ற பெண்கள் வீட்டில் துணிந்து சமைக்க ஊக்குவிக்கும் கூட்டம் என்றார்கள். மண்டபத்தில் அடுப்பு இல்லை. பிளாஸ்ரிக் கத்தரிக்காயும் பிளாஸ்ரிக் கத்தியும் தந்து வெட்டிப் பழகச் சொன்னார்கள். வெட்டுப்படாத கத்தரிக்காயை வெட்டாத கத்தியால் தேய்த்துக்கொண்டிருந்தோம். படம் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டபடி இருந்தது. ஒருவர் மேடையேறி, "உங்களுக்குப் புறக்கண் இல்லாவிட்டாலும் அகக்கண் இருக்கிறது" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த மூதூர்ப் பெண் என் காதுக்குள், "அகக்கண்ணால வெங்காயம் உரிச்சா கண்ணீர் வராது, என்ன?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஊக்கம் அது ஒன்றுதான். மத்தியானம் கடையில் எடுத்த சோற்றுப் பார்சல் தந்தார்கள். உள்ளே முள்ளு மீன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்குத் தொண்டையில் முள் குத்தி, வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினாள். அவளையும் படம் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் மச்சாள் இருந்தார். மாமியின் திவசம் கிட்ட வந்திருந்தது. மாமி என்றால் என் கணவருக்கும் மச்சாளுக்கும் தாய்.

"இந்த முறை நான் அங்க சமைச்சு எடுத்துக்கொண்டு வாறன்" என்றார் மச்சாள்.

"ஏன், இந்த வீட்டில குசினி இல்லையோ?"

"குசினி இருக்கு. கண்?"

நான் வாயைத் திறக்கும் முன் அவரே தொடர்ந்தார். "மற்ற நாளெண்டா நீ மணந்து பாத்து, நாக்கில விட்டுப் பாத்துச் சமாளிப்பாய். திவசச் சமையலை மணக்கவும் ஏலாது, ருசி பாக்கவும் ஏலாது. என்னெண்டு சமைப்பாய், சொல்லு பாப்பம்?"

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்து வழக்கம் அது. செத்துப்போனவருக்குப் படைக்கிற சாப்பாட்டின் முதல் வாசமும் முதல் ருசியும் அவருக்குத்தான் போக வேண்டும். ஐயர் வந்து படைத்து முடியும் வரை சமைக்கிறவள் சட்டிக்குக் கிட்ட மூக்கைக் கொண்டு போகக் கூடாது. கண்ணுள்ளவர்கள் நிறத்தைப் பார்த்துச் சமாளிப்பார்கள். எனக்கு இருப்பது மூக்கும் நாக்கும்தான்.

"கையாலயும் காதாலயும் சமைப்பன்" என்றேன்.

"காதால சமைக்கிற ஆளை இப்பத்தான் கேள்விப்படுறன்."

நான் கணவர் இருந்த கதிரைப் பக்கம் திரும்பினேன். "இஞ்சேருங்கோ. நான் சமைக்கிறன். சரியா வந்தா அந்த ரெகுலேட்டரில இனி நீங்கள் கை வைக்கக் கூடாது. பிழைச்சா அடுப்பு, சிலிண்டர், சட்டி பானை எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போய் உங்கட அக்கா வீட்டில இறக்குங்கோ. நான் செத்துப்போகும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டன்."

அன்றைக்குக் கடைசியாகக் கதைத்தது நான். "சரி" என்றார். திவசம் முடியும் வரைக்கும் ரெகுலேட்டரை மாட்டியும் விட்டார்.

திவசத்துக்கு முதல்நாள் மச்சாள் குசினியைச் சுத்தம் செய்ய வந்தார். மச்சத்தின் மணம், அதுதான் மீன் இறைச்சியின் மணம், இருக்கக் கூடாது. கருவாடு, முட்டை, மாசி எல்லாவற்றையும் பின் கொட்டிலுக்குக் கடத்தினார். மாசி என்பது அவித்துக் காயவைத்த மீன். நான் அதை இடித்துத் தூளாகப் போத்தலில் வைத்திருப்பேன், சம்பலுக்குப் போட. என்னிடம் எல்லாத் தூளும் ஒரே மாதிரியான ஜாம் போத்தல்களில்தான் இருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் இறப்பர் வளையம் மாட்டியிருப்பேன், மீன் சம்பந்தப்பட்ட போத்தலுக்கு மட்டும் இரண்டு.

விறாந்தையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான், வேலை முடிந்து உள்ளே போய்ச் சுவர்த் தட்டைத் தடவிப் பார்த்தேன். எல்லாப் போத்தலும் கழுவித் துடைத்துப் பளிங்கு மாதிரி வழுக்கியது.

"மச்சாள், இதுகளின்ர கழுத்தில கிடந்த இறப்பர் எங்க?"

"அதுகளோ? எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பான் பீயும். தொடவே அருவருப்பாக் கிடந்தது. வெட்டி எறிஞ்சிட்டன்."

"அதை வச்சுத்தான் நான் போத்தலைப் பிடிக்கிறது."

"அதுக்கென்ன, நாளைக்கு வேற போட்டால் போச்சு."

"மாசிப் போத்தல் எது?"

"அது கொட்டிலுக்குப் போயிட்டுது. எனக்குக் கண் இருக்கு, நீ பயப்பிடாதை."

நான் ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகப் போனேன். மச்சாள் என் கையைப் பிடித்தார். படையலுக்கு எடுத்து வைத்த சாமானையும் மணக்கக் கூடாதாம். சண்டை பிடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் பந்தயம் என் பந்தயம். முதல்நாளே வழக்கத்தை மீறினாள் என்று சொல்ல இடம் கொடுக்க விரும்பவில்லை. போத்தலைத் திரும்ப வைத்தேன்.

விடிந்ததும் தலைக்கு ஊற்றிக் குளித்து, ஈரத் தலையோடு குசினிக்கு வந்தேன். மச்சாள் வாசலில் நின்றார். என் இரண்டு காதிலும் எதையோ கொளுவினார். முகத்தில் துணி ஒட்டியது.

"என்ன இது?"

"மாஸ்க். கொரோனா நேரம் வாங்கினது, பெட்டி நிறையக் கிடக்கு. கதிர்காமத்தில வாயைக் கட்டிக்கொண்டு தானே பூசை செய்யினம்? உனக்கும் வசதி. தெரியாமலும் மணம் போகாது."

அந்த மாஸ்க் பூச்சி உருண்டை நாறியது. கொஞ்ச நேரத்தில் என் சொந்த மூச்சே உள்ளே கிடந்து புளித்தது. வாயோரம் வேர்வை வழிந்து உதட்டில் உப்பாக இறங்கியது. துடைக்க முடியாது. துடைத்தால் கை எச்சில் என்பார் மச்சாள். அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் எதை எடுத்தாலும் அவருடைய மூச்சுச் சத்தம் ஒருதரம் நின்று, பிறகு வந்தது.

சமைத்தேன். கடுகு வெடித்து ஓய்ந்ததும் வெங்காயம் இல்லாமல் தாளித்தேன். பருப்பை அகப்பையால் எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்துக் கையைக் கழுவினேன். பூசணிக்காய் வெந்தால் அகப்பைக்கு வழிவிடும். பயற்றம் பாயாசம் தடித்தால் கொதிக்கிற சத்தம் பாரமாகும், குமிழ் ஒவ்வொன்றாகப் பொத்துப் பொத்தென்று உடையும். உப்பை உள்ளங்கைக் குழியில் அளந்து போட்டேன். சோற்றை வடிக்கும்போது மச்சாள் "ஐயோ" என்றார். நான் "சத்தம் போடாதேங்கோ" என்றேன். சோறு ஒழுங்காக வடிந்தது.

கடைசியாக வாழைக்காய்க் கறி. எங்கள் வீட்டில் அதை இறக்கும் முன் வறுத்து இடித்த தேங்காய்ப்பூவைத் தூவுவோம். முதல்நாள் மச்சாள் சுத்தம் செய்ய வரும் முன்பே நான் வறுத்து இடித்துப் போத்தலில் போட்டு வைத்திருந்தேன். தட்டில் அது இருக்க வேண்டிய இடத்தில் போத்தல் இருந்தது. கரண்டியால் அள்ளிப் போட்டுக் கிளறினேன். மூடியைத் திரும்பப் போடும்போது போத்தல் வாயில் கொஞ்சம் தூள் விரலில் பட்டது. பழக்கத்தில் விரல்கள் அதைத் தேய்த்தன.

வறுத்த தேங்காயைத் தேய்த்தால் எண்ணெய் விடும். விரல் வழுக்கும். இது வழுக்கவில்லை. மரத்தூள் மாதிரி வறண்டு கிடந்தது. இன்னொருதரம் தேய்த்தேன். அதில் ஒரு சின்னத் துண்டு நசியாமல் நகத்தில் குத்தியது.

முன் அறையில் ஐயர் வந்து தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கணவர் இலை கழுவிக்கொண்டிருந்தார். மூக்கைக் கிட்டக் கொண்டு போனால் பந்தயம் போனது. குசினியும் போனது. பேசாமல் இறக்கி வைத்தால் ஒருவருக்கும் தெரியாமலும் போகலாம். அல்லது ஐயர் வாயில் வைத்த பிறகு தெரியும், அப்போது அது கண் தெரியாதவள் செய்த கூத்து என்று இந்த ஒழுங்கை முழுக்க நாறும். அதைவிட, அந்தச் சட்டியை ஒன்றும் தெரியாதவள் மாதிரித் தூக்கிக் கொடுப்பதை நினைக்க எனக்கே என்னில் குமட்டியது. புழுவை ஒதுக்கி வைத்துவிட்டு "நல்லாயிருக்கு" என்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

மாஸ்க்கை இழுத்துக் கழுத்துக்கு இறக்கினேன். குனிந்து, சட்டிக்குள் முகத்தை விடாத குறையாக மணந்தேன்.

மாசி.

"என்ன செய்தனி? மணந்தியோ?" மச்சாள் கத்தினார். "தம்பி, இஞ்ச ஓடி வா! இவ மணந்திட்டா!"

"ஓம், மணந்தனான். வாழைக்காய்க்குள்ள மாசி கிடக்கு."

"பொய். மாசியை நான் கொட்டிலில வச்சனான். நீ கண் தெரியாமல் எதையோ அள்ளிப் போட்டிட்டு என்னில பழி போடாதை."

"அந்தக் கொட்டில் போத்தலைக் கொண்டு வாங்கோ."

அவர் விறுக்கென்று போய்க் கொண்டு வந்தார். "இந்தா. மாசி."

"திறந்து மணந்து பாருங்கோ."

"திவச நாளில மணக்கிறதோ?"

"மாசியெண்டு தானே சொல்லுறீங்கள்? மாசியை மணக்கிறதுக்கு என்ன தடை?"

மூடி திருகுகிற சத்தம் கேட்டது. அவர் மணக்கத் தேவையிருக்கவில்லை. வறுத்த தேங்காயின் வாசம் என் வரைக்கும் வந்தது.

கணவர் இரண்டு போத்தலையும் வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். "ரெண்டும் ஒரே மண்ணிறம் அக்கா. எனக்கும் வித்தியாசம் தெரியேல்ல" என்றார். மச்சாளும் மணந்து பார்க்காமல், பார்வையை மட்டும் நம்பி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். மணந்திருந்தால் அந்தக் கணமே தெரிந்திருக்கும். மணக்கக் கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட சட்டம். அதை அவரும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்.

மச்சாள் கதவடியிலேயே குந்தி அழத் தொடங்கினார். "என்ர அம்மாவுக்கு மீன் படைக்கப் பாத்திட்டன்" என்றார். நான் தேற்றவில்லை. எனக்கு மனம் இரங்கவும் இல்லை. இரங்கியது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கூச்சல் கேட்டு ஐயர் குசினி வாசலுக்கு வந்தார். மச்சாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஐயா, இவ சட்டியை மணந்திட்டா. இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"மணந்தபடியாத் தானே அம்மா மாசி பிடிபட்டது? இல்லாட்டி நானெல்லோ திண்டிருப்பன்?" என்றார் ஐயர். "எனக்கு உப்புவெளியில இன்னொரு வீடு கிடக்கு. வாழைக்காயைத் திரும்ப வையுங்கோ. கெதியா."

கணவர் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தார், கடைக்குப் போக. மச்சாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். சேலையைச் செருகுகிற சத்தம் கேட்டது. "நீ தள்ளு. நான் வைக்கிறன்" என்றார்.

நான் அடுப்பின் முன்னால் நின்றேன். தள்ளவில்லை. அங்கே ஒன்றும் நடக்காத மாதிரிப் பாயாசம் பொத்துப் பொத்தென்று கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியாகக் கதைத்தது மச்சாள். அதனால் கணவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"இல்லை அக்கா" என்றார் அவர். "அவ வைக்கட்டும். நீங்கள் என்னோட கடைக்கு வாங்கோ, நல்ல காயாப் பாத்து எடுக்க."

இரண்டு பேரும் போனார்கள். நான் மாஸ்க்கைப் பிய்த்துக் கழிவு வாளிக்குள் எறிந்தேன். எச்சிலும் வேர்வையும் ஊறி அது கையில் நனைந்த பழந்துணியாகக் கிடந்தது. கையைக் கழுவிவிட்டு ஒவ்வொரு சட்டியாக மூடியைத் திறந்து மணந்தேன். மணந்ததோடு நிற்கவில்லை. நாக்கிலும் விட்டுப் பார்த்தேன். பூசணி சரி. பாயாசம் சரி. பருப்பில் உப்பே இல்லை. போட்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன். பந்தயத்துக்காக வீறாப்பாக நின்றிருந்தால் மாமிக்கு உப்பில்லாத பருப்பைத்தான் படைத்திருப்பேன். உப்பைப் போட்டுக் கிளறினேன். வாழைக்காய் வந்தது. தோலைச் சீவி, வெட்டி, ஐயர் தொண்டையைச் செருமிச் செருமி அவசரப்படுத்த, திரும்பவும் வைத்தேன்.

படைத்து முடிந்து காகத்துக்குச் சோறு வைத்தார்கள். மதிலில் இலை, இலையில் எல்லாக் கறியும். கணவர் கா கா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஒரு காகமும் வரவில்லை. வராமல் எங்கே போகும்? மாசி விழுந்த சட்டியை நான் கொட்டில் வாசலில் வைத்திருந்தேன். ஊர்க் காகம் எல்லாம் அதில்தான். சட்டியைக் கவிழ்த்து, முற்றம் முழுக்க வாழைக்காயை இழுத்து வைத்திருந்தன. பார்க்கப் போன நான் வெறுங்காலால் அதில் மிதித்தேன். விரல்களுக்கிடையில் குழகுழவென்று பிதுங்கியது, காகத்தின் எச்சத்தோடு சேர்ந்து.

"அம்மா மாசிக்குத்தான் வந்திருக்கிறா" என்றார் கணவர்.

மச்சாள் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகத் திரும்பவும் அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலைக் கழுவ வாளியில் தண்ணீர் கேட்டேன். மச்சாள்தான் கொண்டு வந்து ஊற்றினார்.

பின்னேரம் கணவர் குசினிக்குள் வந்து நின்றார். "ரெகுலேட்டரை இனிக் கழட்ட மாட்டன்" என்றார். அலுமாரித் திறப்பையும் மேசையில் வைத்தார். நான் நன்றி சொல்லவில்லை. என்னுடையதைத் திருப்பித் தந்ததற்கு என்ன நன்றி? சூடாக்கின தண்ணீரை இறக்கி இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன், அவ்வளவுதான். அவருடைய கோப்பைத் தட்டில் கொஞ்சம் சிந்தியது. "சிந்தீட்டுது" என்றார். "துடையுங்கோ" என்றேன்.

போனில் கேட்கிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்கும் புழு அகப்படும், பை உடையும், கால் சுடும். ஒருவரும் உங்களுக்குத் தைரியம் ஊட்டத் தேவையில்லை. ஊட்ட வருகிறவர் முதலில் உங்கள் தட்டில் இருக்கிற போத்தல்களை விட்டுக் கையை எடுக்கட்டும். சட்டிக்குள் மூக்கை விடுங்கள். விரலை விடுங்கள். பார்க்கிற சனத்துக்கு அது அசிங்கமாக இருந்தால் அவர்கள் அந்தப் பக்கம் திரும்பி நிற்கட்டும். கெட்டுப்போனால் கெட்டுப்போனது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவளை அடுப்படியிலிருந்து எழுப்புவது கஷ்டம்.

மச்சாள் இரண்டு கிழமை எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் முற்பகல், நான் சூடை மீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தபோது செருப்புச் சத்தம் கேட்டது. அது விறாந்தையைத் தாண்டிக் குசினி வாசலில் நின்றது. முப்பது வருசமாக அவர் இந்தக் குசினிக்குள் யாரையும் கேட்டு வந்ததில்லை.

"உள்ளுக்கு வரட்டோ?" என்றார்.

கை முழுக்கச் செதில். நான் தலையை நிமிர்த்தவில்லை.

"வாங்கோ" என்றேன். "வாறதெண்டா அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் குடலை வளவில குழி தோண்டித் தாட்டுப்போட்டு வாங்கோ."